விண்ணப்பம் மறுக்கப்பட்ட பிறகு மகள் அங்கே எந்த நிலையில் நிற்கிறாள்?

களுவாஞ்சிகுடியில் இருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவருடைய மகள் 2024 ஒக்டோபர் 6ஆம் திகதி சுற்றுலா விசாவில் நியூ ஜேர்சியில் உள்ள மாமா வீட்டுக்குப் போனாள். 2025 ஏப்ரல் 5 வரை நிற்க அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு கொலிஜில் இடம் கிடைக்கவே, பெப்ரவரி 24ஆம் திகதி மாணவர் நிலைக்கு மாற்றித் தரும்படி விண்ணப்பித்தார்கள். மே மாதம் மாமா வீடு மாறினார். ஓகஸ்ட் 12 என்று திகதியிட்ட மறுப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், 21ஆம் திகதிதான் கைக்கு வந்தது. ஜூன் மாதம் தாங்கள் கேட்ட ஆவணங்கள் வரவில்லை, அதனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகக் கருதி மறுக்கிறோம் என்று அதில் இருக்கிறது. கல்முனை ஏஜென்சிக்காரர் 180 நாள் மட்டும் ஒரு பிரச்சினையும் வராது என்கிறார். மாமா, விசா இன்னும் முடியவில்லை, பயப்படாதீர்கள் என்கிறார். ஸ்காபரோவில் இருக்கும் சித்தி கனடாவுக்கு அனுப்பிவிடச் சொல்கிறார். "எண்ட புள்ள இப்ப அங்க களவா நிக்காளா, அத மட்டும் சொல்லுங்க தம்பி" என்று அக்கா முடித்திருக்கிறார்.

அக்கா, நேராகவே சொல்கிறேன். ஓகஸ்ட் 13ஆம் திகதியில் இருந்து மகளுக்கு அங்கே நிற்க அனுமதி இல்லை. ஆனால் அவள் களவு செய்யவில்லை. முறைப்படி விசா எடுத்து, விமான நிலையத்தில் அலுவலருக்கு முன்னால் நின்று, அவர் அனுமதித்த பிறகு உள்ளே போன பிள்ளை. அப்படிப் போனவர் திகதி கடந்து நிற்பது அமெரிக்காவில் குடிவரவுச் சட்டத்தை மீறுவதாகும். அதைக் குற்றவியல் குற்றமாக எடுப்பதில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மகளோடு பேசுங்கள். பயந்துபோன பிள்ளை கடிதத்தை ஒளித்து வைக்கும், நாளைத் தள்ளிப் போடும். இப்போது உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து நாள்தான்.

நான் லோயர் இல்லை. நியூ ஜேர்சியில் ஒரு குடிவரவு லோயரின் அலுவலகத்தில் 14 வருடம் இந்த விண்ணப்பங்களை நிரப்பி அடுக்கிக் கொடுக்கும் வேலை செய்தேன். இப்போது கல்லடியில் இருக்கிறேன். நான் எழுதுவதை வாசித்துவிட்டு, அங்கே ஒரு லோயரிடம் ஒரு மணித்தியாலமாவது காசு கொடுத்துப் பேச வேண்டும். ஆனால் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போனால் அந்த ஒரு மணித்தியாலம் வீண் போகாது.

முதலில் மாமா சொன்னது. கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசா, அமெரிக்காவின் வாசல் மட்டும் போய் உள்ளே விடும்படி கேட்பதற்கான அனுமதி. அதில் இருக்கும் திகதி, எந்த நாள் வரைக்கும் வாசலுக்கு வரலாம் என்பதைச் சொல்கிறது. உள்ளே எத்தனை நாள் நிற்கலாம் என்பதை வாசலில் நிற்கும் அலுவலர் தீர்மானிக்கிறார். அந்தப் பதிவுக்கு ஐ-94 என்று பெயர். சுற்றுலாவுக்குப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் 6 மாதம் கொடுப்பார்கள். மகளுக்கும் அப்படித்தான் ஏப்ரல் 5 மட்டும் கிடைத்தது. இப்போது அது காகிதத்தில் வருவதில்லை, இணையத்தில் கடவுச்சீட்டு இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். மகளை இன்றைக்கே அதை எடுத்து அச்சடித்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் சனம் விசாத் திகதியைப் பார்த்துக்கொண்டிருந்து ஐ-94 திகதியைத் தவறவிட்ட கதைகளை நான் எண்ணி முடிக்க மாட்டேன். விசாவில் வருடக்கணக்கில் நாள் இருந்தாலும், ஐ-94 முடிந்தால் நிற்கும் உரிமை முடிந்தது.

இன்னொன்றையும் மாமாவுக்குச் சொல்லுங்கள். அனுமதித்த காலத்துக்கு மேல் நின்றவருடைய அந்த விசா தானாகவே செல்லாமல் போகும் என்று அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தின் 222ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு நாள் கூடினாலும் அப்படித்தான். பிறகு புதிதாக விசா எடுக்க வேண்டும், அதையும் பொதுவாகச் சொந்த நாட்டில்தான் எடுக்க வேண்டும். கடவுச்சீட்டில் அந்த ஒட்டி பார்க்க வடிவாக இருக்கும். அதை நம்பி இனி ஒரு விமானமும் ஏறக் கூடாது.

சரி, ஐ-94 ஏப்ரல் 5 அன்று முடிந்தது என்றால், ஏப்ரல் 6 முதல் ஓகஸ்ட் 12 மட்டும் மகள் எப்படி நின்றாள்? இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியின் முழுப் பாரமும் இந்த 4 மாதத்தில்தான் இருக்கிறது.

ஐ-94 முடியும் முன்பே, உண்மையான காரணத்தோடு விண்ணப்பித்தவரை, முடிவு வரும் வரைக்கும் நிற்க விடுகிறார்கள். அந்தக் காலத்தில் அவருக்கு நிலை ஒன்றும் இல்லை. சுற்றுலாப் பயணி என்ற நிலை முடிந்துவிட்டது, மாணவர் என்ற நிலை இன்னும் வரவில்லை. ஆனாலும் அந்த நாட்களை அனுமதியில்லாமல் நின்ற நாட்களாக எண்ணுவதில்லை. மகள் பெப்ரவரி 24 அன்றே விண்ணப்பித்துவிட்டாள், ஐ-94 முடிய இன்னும் 40 நாள் இருந்தது. அதனால் அந்த 4 மாதமும் அவளுக்கு எதிராக எண்ணப்படாது. மறுப்பு வந்த மறுநாள், ஓகஸ்ட் 13, கணக்கின் முதல் நாள். கடிதம் 21ஆம் திகதி கிடைத்தது என்பது இந்தக் கணக்கை மாற்றாது. கடிதத்தில் எழுதியிருக்கும் திகதிதான் எடுபடும்.

இந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது அக்கா. அனுமதியில்லாமல் வேலை செய்திருக்கக் கூடாது. விண்ணப்பம் போடும் முன்பும் கூடாது, போட்ட பிறகும் கூடாது. இதை வாசித்தவுடன் உங்களுக்கு நெஞ்சு திக்கென்றிருந்தால், அதைத்தான் நான் கேட்க வருகிறேன். மாமாவுக்குக் கடை இருக்கிறதா? பெற்றோல் நிலையமோ, மளிகைக் கடையோ, சாப்பாட்டுக் கடையோ? மகள் வீட்டில் சும்மா இருக்கிற நேரம் காசு மேசையில் நின்றாளா? "மாமாட கடை தானே, சம்பளம் இல்லையே" என்பது எங்கள் ஊருக்குச் சரி. வயல் வேலைக்கும் கடைக்கும் பிள்ளைகள் கூட நிற்பது எங்கள் வழக்கம். அங்கே, சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்துச் செய்விக்கும் வேலையை மகள் செய்தாள் என்றால், கையில் காசு வாங்காவிட்டாலும் வேலை என்று எடுக்க இடமுண்டு. சாப்பாடும் தங்குமிடமும்கூடக் கூலியாகப் பார்க்கப்படலாம்.

அப்படி வேலை செய்திருந்தால் கணக்கு ஓகஸ்ட் 13இல் தொடங்காது. ஐ-94 முடிந்த மறுநாள், ஏப்ரல் 6இல் இருந்தே தொடங்கும்.

இரண்டு கணக்கையும் நாட்காட்டியில் வைத்துப் பார்த்தேன். வேலை ஒன்றும் செய்யவில்லை என்றால் 180ஆவது நாள் 2026 பெப்ரவரி 8. வேலை செய்திருந்தால் 180ஆவது நாள் 2025 ஒக்டோபர் 2. அதாவது இன்னும் 6 கிழமைகூட இல்லை. ஏஜென்சிக்காரர் சொன்ன 180 நாள் எது என்று அவருக்கே தெரியாது, ஏனென்றால் மகளிடம் இந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை.

180 என்ற எண் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்கிறேன். 1996ஆம் ஆண்டு அமெரிக்கா குடிவரவுச் சட்டத்தைக் கடுமையாக்கியது. 1997 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஏற்பாடு இது: அனுமதியில்லாமல் தொடர்ந்து 180 நாளுக்கு மேல், ஆனால் 1 வருடத்துக்குக் குறைவாக நின்றுவிட்டுத் தானாக வெளியேறினால் 3 வருடம் திரும்ப வர முடியாது. 1 வருடமோ அதற்கு மேலோ நின்று வெளியேறினால் 10 வருடம். 18 வயதுக்குக் கீழ் இருந்த காலம் எண்ணப்படாது. மகளுக்கு 20 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே அது உதவாது. இந்தத் தடை வெளியே காலடி வைக்கும்போதுதான் விழுகிறது. அதனால்தான் பலர் ஒரு நாள் பிந்திவிட்டால், இனி வெளியேறவே கூடாது என்று அங்கேயே வருடக்கணக்கில் ஒளித்து இருந்துவிடுகிறார்கள். தாயின் செத்த வீட்டுக்கு வர முடியாமல் தொலைபேசியில் ஒப்பாரி கேட்டுக்கொண்டிருந்தவர்களை நான் அந்த அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு அந்த நிலை வரத் தேவையில்லை.

"180 நாள் மட்டும் பிரச்சினை இல்லை" என்பது அரை உண்மை. 3 வருடத் தடை வராது, அவ்வளவுதான். 179ஆம் நாளிலும் அவள் நிலை இல்லாமல் நிற்பவள்தான். அன்றைக்கும் பிடிக்கலாம், நாடுகடத்தும் வழக்குத் தொடரலாம். 2025 பெப்ரவரியில், இந்த விண்ணப்பங்களைத் தீர்மானிக்கும் அமெரிக்கக் குடிவரவுச் சேவை ஒரு கொள்கை வெளியிட்டது: விண்ணப்பம் மறுக்கப்பட்டு, நிற்க உரிமையும் இல்லாதவர்களுக்குக் குடிவரவு நீதிமன்றத்துக்கு வரும்படி அழைப்பாணை கொடுப்பதை அது விரிவாக்கியது. அப்படி ஒரு கடிதம் வந்தால், வந்த உடனே லோயரிடம் போக வேண்டும். எப்படியும் ஊருக்குப் போகப் போகிறோம் என்று நீதிமன்றத்தைக் கவனிக்காமல் விமானம் ஏறினால், அவள் இல்லாமலே நாடுகடத்தல் கட்டளை எழுதப்படலாம். வழக்குக்கு வராமல் விட்டதற்கே தனியாக 5 வருடத் தடை இருக்கிறது. நீதிபதியிடம் கேட்டுத் தன் செலவில் வெளியேறும் அனுமதி பெறலாம், அது வேறு வழி. இன்னும் அந்தக் கடிதம் வரவில்லை என்றால், வரும் முன் வெளியேறுவதுதான் சுத்தமான வழி.

அதோடு, அந்தக் கடிதமும் பழைய வீட்டுக்கே போகலாம். மாமா வீடு மாறி 10 நாளுக்குள் மகளுடைய முகவரி மாற்றத்தைக் குடிவரவுச் சேவைக்கு அறிவித்திருக்க வேண்டும். தபால் கந்தோரில் சொல்லி வைத்தது போதாது. இந்தப் படிவத்துக்குக் காசு இல்லை, இணையத்திலேயே செய்யலாம், 10 நிமிடம்கூட ஆகாது. செய்யவில்லை என்றால் இன்று செய்யச் சொல்லுங்கள். செய்திருந்தால் அந்த உறுதிப்பத்திரத்தைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள், அது தங்கத்துக்குச் சமம். ஏன் என்று இனிச் சொல்கிறேன்.

ஐ-539 என்ற இந்த விண்ணப்பம் மறுக்கப்பட்டால் மேன்முறையீடு கிடையாது. அதே அலுவலகத்திடம் வழக்கைத் திரும்பத் திறந்து பாருங்கள் என்று ஐ-290பி படிவத்தில் கேட்கலாம். முடிவு எழுதிய நாளில் இருந்து 30 நாளுக்குள் அது அவர்களிடம் போய்ச் சேர வேண்டும். தபாலில் வந்த முடிவு என்றால் இன்னும் 3 நாள் தருவார்கள், ஆனால் அந்த 3 நாளை நம்பாமல் செப்டெம்பர் 11 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மகள் முகவரி மாற்றத்தை ஒழுங்காக அறிவித்திருந்தும் ஜூன் கடிதத்தைப் பழைய வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்றால், பிழை அவர்களுடையது, திரும்பத் திறக்கச் சொல்ல அது நேரடியான காரணம். அறிவிக்கவில்லை என்றால், அவர்களிடம் பதிவில் இருந்த முகவரிக்குத்தான் அனுப்பினார்கள். அந்த வாதம் நிற்காது, அதற்கு 800 டொலர் கட்டணமும் லோயர் காசும் செலவழிப்பதை நான் விரும்ப மாட்டேன். இன்னொரு விடயம்: மனுப் போட்டதால் நாள் எண்ணுவது நிற்காது. மனு மேசையில் கிடக்கும், நாள் ஓடும். மனுவுக்குப் பதில் வரும் என்று காத்திருந்து பெப்ரவரி தாண்டிப் போனவர்கள் உண்டு.

புதிதாக இன்னொரு ஐ-539 போடலாமே என்று யாராவது சொல்வார்கள். நிலை மாற்றம் கேட்கிறவருக்கு விண்ணப்பிக்கும் நாளில் நிலை இருக்க வேண்டும். மகளுக்கு இல்லை. தன் கையில் இல்லாத அசாதாரணக் காரணத்தால் பிந்தியது என்று காட்டினால் மன்னிக்க அலுவலருக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் வீடு மாறியதும் கடிதம் பார்க்காததும் அந்தக் கணக்கில் வராது.

இதற்கிடையில் கொலிஜ் எப்படியும் சேர்த்துக்கொள்ளும் என்று வகுப்புக்குப் போய்விட வேண்டாம். சுற்றுலா நிலையில் வந்தவர், மாணவர் நிலை கிடைக்கும் முன் படிப்பைத் தொடங்குவதே விதிமீறல். 2002இல் இருந்து இது கண்டிப்பாக இருக்கிறது. கொலிஜ் கொடுத்த ஐ-20 பத்திரத்தில் வகுப்புத் தொடங்கும் நாள் மே மாதம் என்று இருந்தது அல்லவா? விண்ணப்பம் தீராமல் அந்த நாள் கடந்தால், கொலிஜில் உள்ள வெளிநாட்டு மாணவர் அலுவலரிடம் சொல்லி நாளைத் தள்ளிப் புதிய ஐ-20 எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜூன் கடிதத்தில் அவர்கள் கேட்டது பெரும்பாலும் அதுவாகவும், மாமாவின் வங்கிக் கணக்காகவும் இருந்திருக்கும். மகள் கொலிஜில் போய் அந்த அலுவலரைக் காண வேண்டும். திட்ட வரமாட்டார்கள், இப்படி நாளுக்கு எத்தனையோ பேரைப் பார்ப்பவர்கள்.

இனி வீட்டில் பேசப்படும் மற்ற வழிகள். நீங்கள் எழுதாவிட்டாலும் பேசியிருப்பீர்கள்.

அமெரிக்கப் பிரஜை ஒருவரைக் கட்டி வைத்தால் எல்லாம் சரியாகும் என்பார்கள். பரிசோதிக்கப்பட்டு முறைப்படி உள்ளே வந்தவர், அமெரிக்கப் பிரஜையை உண்மையாகக் கலியாணம் செய்தால், நாள் கடந்து நின்றதை மன்னித்து அங்கேயே நிரந்தர வதிவிடம் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. இது உண்மை. நிரந்தர வதிவிடம் மட்டும் உள்ளவரைக் கட்டினால் அந்த மன்னிப்பு இல்லை, அதுவும் உண்மை. ஆனால் மகள் ஒருவரை விரும்பினால் அது வேறு கதை. கடிதம் வந்த பதட்டத்தில் ஆளைத் தேடுவது வேறு கதை. காசுக்குக் கட்டிய கலியாணம் என்று கண்டால், பிறகு உண்மையாகவே கலியாணம் செய்தாலும் அவளுக்காகப் போடும் எந்த மனுவையும் ஏற்க மாட்டார்கள். 5 வருடம் வரை சிறையும் 250,000 டொலர் வரை தண்டப்பணமும் அதற்கு உண்டு. அந்தப் பேச்சை வீட்டில் எடுக்க விடாதீர்கள்.

அடைக்கலம் பற்றி மிகக் கவனமாகச் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தில் உண்மையாகவே பயந்து வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். காணாமல் போனவர்களைத் தேடி வருடக்கணக்கில் வீதியில் இருக்கும் தாய்மாரை நீங்களும் நானும் அறிவோம். மகளுக்கோ குடும்பத்துக்கோ அப்படி ஒரு காரணம் இருக்குமானால், அதை மறைக்காமல் லோயரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும். வந்த நாளில் இருந்து 1 வருடத்துக்குள் அடைக்கலம் கேட்க வேண்டும் என்பது விதி. மகள் ஒக்டோபர் 6 வந்தவள், ஆகவே 2025 ஒக்டோபர் 5ஆம் திகதிக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிந்தியவருக்குச் சில விதிவிலக்குகள் இருக்கின்றன, அதை நம்பி இருக்க வேண்டாம். காரணம் இல்லை என்றால், நாள் வாங்குவதற்காக யாரோ எழுதிக் கொடுக்கும் கதையில் கையெழுத்து வைக்கக் கூடாது. வேண்டுமென்றே பொய்யாகக் கேட்டார் என்று தீர்ப்பானால், குடிவரவுச் சட்டத்தின் கீழ் அநேகமாக எந்தச் சலுகையும் வாழ்நாள் முழுக்கக் கிடைக்காது. அதோடு, உண்மையாகப் பாதிக்கப்பட்ட எங்கள் சனத்தின் வாயையும் அந்தப் பொய்க் கதைகள் அடைக்கின்றன. இது என் மனதைச் சுடும் விடயம்.

கனடா. அமெரிக்காவில் இருந்து தரை எல்லையால் போய் அகதி கேட்பவரைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தம் இரண்டு நாடுகளுக்கும் இடையில் இருக்கிறது. 2023 மார்ச் 25 முதல் அது முழு எல்லைக்கும் பொருந்தும், காட்டு வழியால் போனாலும் அப்படித்தான். அங்கே சட்டப்படி இருக்கும் நெருங்கிய உறவினருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, தாயின் தங்கை என்பது அதில் அடங்கும். சித்தி சொல்வதில் அவ்வளவுதான் உண்மை. அது அகதி கேட்பதற்கான வாசல். படிக்கப் போகிறவருக்கான வாசல் அன்று. போய் மறுத்தால் அமெரிக்க எல்லையில் திருப்பி ஒப்படைப்பார்கள், அங்கே நிலை இல்லாதவளாகப் போய் நிற்பாள். படிக்கத்தான் கனடா என்றால், களுவாஞ்சிகுடியில் வீட்டில் இருந்துகொண்டு விண்ணப்பிக்கலாம்.

ஆகவே நான் சொல்வது: மகள் ஒக்டோபர் 2க்கு முன் ஊருக்கு வர வேண்டும். வேலை செய்யவில்லை என்று அவள் சத்தியம் செய்தாலும் அந்த நாளையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கணக்கில் எது சரி என்று நாளைக்குக் கொழும்புத் தூதரகத்தில் ஒரு விசா அலுவலர் முடிவெடுக்கும்போது, இரண்டிலும் 180 நாளுக்குள் வந்தவளாக இருக்க வேண்டும். செப்டெம்பர் நடுப்பகுதிக்கு டிக்கெட் போடுங்கள், ஒரு விமானம் பிந்தினாலும் இடம் இருக்கட்டும். உண்மையான அடைக்கலக் காரணமோ, முகவரி அறிவித்த சான்றோ இருந்தால் மட்டும், அதை லோயர் பார்த்துச் சொல்லும் வரை டிக்கெட் போடுவதைத் தள்ளி வைக்கலாம்.

வயலை ஈடு வைத்து அனுப்பினோம், இப்போது எந்த முகத்தோடு திருப்பிக் கூப்பிடுவது என்று எழுதியிருந்தீர்கள். சனம் கதைக்கும் அக்கா, ஒரு திருவிழா முடிய அடுத்த கதைக்குப் போய்விடும். கடவுச்சீட்டுப் பதிவில் விழும் 3 வருடம் அப்படிப் போகாது. 20 வயதில் சுத்தமாகத் திரும்பி வந்தவள் 21 வயதில் மாணவர் விசாவுக்கு நிமிர்ந்து போய்க் கேட்கலாம்.

வரும்போது விமானத்தில் கொடுக்கும் ஏறும் சீட்டை எறியக் கூடாது. கட்டுநாயக்காவில் கடவுச்சீட்டில் குத்தும் முத்திரை தெளிவாக விழுந்ததா என்று அங்கேயே பார்க்க வேண்டும். விமானக் கம்பனி அனுப்பும் தகவலில் இருந்துதான் அமெரிக்கா அவள் வெளியேறியதைப் பதிகிறது, எப்போதாவது அது விடுபடும். விடுபட்டால் அந்தச் சீட்டும் முத்திரையும்தான் சாட்சி. விண்ணப்பத்தின் கொப்பி, கிடைத்த ரசீது, மறுப்புக் கடிதம், ஐ-94 எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக் கைப்பையில் கொண்டு வரச் சொல்லுங்கள், பெட்டியில் போட வேண்டாம்.

பிறகு கொழும்பு காலி வீதித் தூதரகத்தில் மாணவர் விசாவுக்குக் கேட்கும்போது, இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-160 படிவத்தில் முன்பு அமெரிக்காவில் அனுமதித்த காலத்துக்கு மேல் நின்றீர்களா என்று கேள்வி இருக்கும். ஓம் என்று எழுதி, நடந்ததை நாலு வரியில் சொல்ல வேண்டும். இல்லை என்று எழுதினால் அவர்களிடம் பதிவு இருக்கிறது. பொய் சொன்னார் என்ற காரணத்துக்காக விழும் தடைக்குக் கால எல்லையே இல்லை. நாள் கடந்து நின்றதை அலுவலர் மன்னிக்கலாம், ஒளித்ததை மன்னிப்பது அரிது. புதிய ஐ-20 வேண்டும், மாணவர் பதிவுக்கான 350 டொலர் கட்டணம் வேண்டும். 2025இல் மாணவர் நிலையில் உள்ளே போனவர்களுக்கு ஐ-94இல் திகதிக்குப் பதிலாகப் படிப்பு முடியும் வரை என்று இருந்தது, அது மாறாவிட்டால் இந்தத் தலையிடி குறையும்.

அந்த நேர்காணலில் அவர்கள் மனதில் இருக்கும் ஒரே கேள்வி, இந்தப் பிள்ளை படித்துவிட்டுத் திரும்பி வருமா என்பதுதான். விசா கேட்கும் ஒவ்வொருவரும் அங்கேயே நின்றுவிட வருபவர் என்று எடுத்துக்கொண்டுதான் சட்டம் தொடங்குகிறது. இல்லை என்று காட்டுவது எங்கள் பொறுப்பு. முன்பு ஒருமுறை பயணி என்று போய் மாணவர் ஆகக் கேட்டவள் என்பதால் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாக வரும். இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்று உதவும். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், தாயின் வளவில் மகளுக்கு வீடு எழுதுவோம். மகளுக்கு என்று வைத்திருக்கும் வீட்டுக்கு உறுதி எழுதியாயிற்றா? இல்லை என்றால், எப்படியும் எழுதப் போகும் உறுதியை இப்போதே நொத்தாரிசிடம் எழுதலாம். விசாவுக்காக இல்லாத ஒன்றை உண்டாக்கச் சொல்லவில்லை. அவளுக்கு உரியதைக் காகிதத்தில் வைக்கச் சொல்கிறேன். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெமிற் காணி என்றால் பெயர் மாற்றுவதற்கு விதிகள் இருக்கின்றன, பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். உங்கள் வங்கிப் புத்தகத்தில் விசாவுக்கு முதல் நாள் கடன் வாங்கிப் போட்ட பெரும் தொகையைவிட, ஒவ்வொரு போகத்துக்கும் நெல் விற்ற காசு வந்து போன பக்கங்கள் நல்ல சாட்சி. படிப்பு முடித்து இங்கே என்ன செய்யப் போகிறாள் என்பதை அவளே தன் வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், மாமா சொல்லிக் கொடுத்ததாக இருக்கக் கூடாது.

லோயர் பற்றி ஒன்று. அங்கே தமிழ்க் கடைகளுக்குப் பக்கத்தில் படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள் இருப்பார்கள், எங்கள் பாஷை பேசுவார்கள், மலிவாக இருக்கும். என் சொந்த மச்சானிடம் அப்படி ஒருவர் "போட்டு வை, போட்டால் நிற்கலாம்" என்று சொல்லி, ஐ-94 முடிந்து 9 நாள் கழித்து விண்ணப்பம் அனுப்பினார். அந்த 9 நாளால் அவனுடைய காத்திருப்பு முழுவதும் அனுமதியில்லாத நாளாக எண்ணப்பட்டது. குடிவரவு விடயத்தில் அங்கே ஆலோசனை சொல்ல அனுமதி உள்ளவர்கள் இரண்டு வகையினர்தான்: லோயர்கள், அடுத்து அமெரிக்க நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதிகள். பின்னவர்கள் இலாப நோக்கமில்லாத நிறுவனங்களில் குறைந்த காசுக்கு வேலை செய்வார்கள், மாமாவை அப்படி ஓர் இடத்தைத் தேடச் சொல்லுங்கள்.

இன்றைக்கு இரவு மகளோடு பேசும்போது, மாமா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து இரண்டே கேள்வி கேளுங்கள். கடையில் நின்றாயா, எத்தனை நாள்? முகவரி மாறியதை யாராவது இணையத்தில் பதிந்தார்களா? திட்டாமல் கேளுங்கள். பதிலை எனக்கு எழுதுங்கள், செப்டெம்பர் 11க்குள் மனுப் போடுவதா, விடுவதா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.